தொலைபேசியில் கணக்கெடுப்பா? பதில் சொல்லலாமா?

நம் மன்றத்துக்குத் தேக்காவிலிருந்து வந்திருந்த ஒரு தாயார் இப்படிக் கேட்டார்: "கணக்கெடுப்பு என்று போன் வந்தது. வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள் என்றார்கள். பயந்துபோய் வைத்துவிட்டேன். நான் செய்தது சரியா?"

மோசடி அழைப்புகள் மலிந்த காலத்தில் அந்தப் பயம் நியாயமானதே. ஆனால் உண்மையான அழைப்பு எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வோமே!

அழைப்பவருக்கு முன்னால் ஒரு கணினி இருக்கும். திரையில் வரும் கேள்வியை அவர் அப்படியே வாசிக்க வேண்டும். கேட்பவருக்குக் கேட்பவர் கேள்வி மாறினால் பதிலும் மாறிவிடும் அல்லவா? பதிலை உடனே கணினியில் பதிவார். "வேலைக்குப் போகவில்லை" என்றால், வேலை பற்றிய அடுத்த கேள்விகளைக் கணினியே தாண்டிவிடும். 8 வயதுப் பிள்ளைக்குத் திருமணம் ஆகிவிட்டது என்று தவறிப் பதிந்தால் எச்சரிக்கும். நீங்கள் சமையலில் இருந்தால், மீண்டும் எப்போது அழைப்பது என்பதையும் குறித்துவைக்கும்.

சிங்கப்பூரில் 2000ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இணையம், தொலைபேசி, நேர்காணல் என மூன்று வழிகளிலும் விவரம் திரட்டினார்கள். 2020இலும் அப்படியே. அப்போது விரிவான கேள்விகள் கேட்கப்பட்டவை சுமார் 150,000 குடும்பங்கள். அந்தக் குடும்பங்கள்தான் மற்ற எல்லாருக்கும் சேர்த்துப் பதில் சொல்கின்றன.

இங்கேதான் நமக்கு அக்கறை வேண்டும். வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2010இல் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. இப்படிப்பட்ட எண்கள் நம் பதில்களிலிருந்தே பிறக்கின்றன. தவறான விடையைக் கணினி பிடிக்கலாம். பதில் சொல்லாத வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள் என்பது அதற்கு எப்படித் தெரியும்?

சரி, அந்தத் தாயார் என்ன செய்திருக்கலாம்? அழைத்தவரின் பெயரையும் துறையையும் கேட்டுக்கொண்டு தொலைபேசியை வைத்துவிடலாம். பிறகு அந்தத் துறையின் அதிகாரபூர்வ எண்ணை நாமே தேடி, அழைத்து உறுதி செய்யலாம். வங்கிக் கணக்கு, சிங்பாஸ் மறைச்சொல், பணம் என்று பேச்சு வந்தால் அது கணக்கெடுப்பே அல்ல, உடனே துண்டியுங்கள். சந்தேகம் என்றால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு உதவி எண் இருக்கிறது.

புள்ளிவிவரத் துறையின் அழைப்புதான் என்று உறுதியானால், தயங்காமல் பதில் சொல்லுங்கள். உங்கள் விவரங்களை ரகசியமாக வைத்திருக்கச் சட்டமே இருக்கிறது. வீட்டில் தமிழ் பேசினால், அதையும் மறக்காமல் சொல்லுங்கள்!