கோழிக்கூட்டின் காற்றும் குளிரும்

மார்கழி பிறந்து, உதகமண்டலத்துப் புல்வெளிகளில் விடியற்காலை உறைபனி வெண்பொடியாய்ப் படியத் தொடங்கியதும், கொல்லையில் நான்கைந்து கோழிகளை வைத்திருக்கும் குடும்பஸ்தர்கள் முதலில் செய்கிற காரியம், கூட்டின் இடுக்குகள் யாவற்றிலும் கோணித் துணியைத் திணித்து, மேலே ஒரு தார்ப்பாயையும் போர்த்தி, உள்ளே ஓர் ஈ நுழையவும் இடமின்றி அடைத்துவிடுவதுதான். வாயில்லா ஜீவன்களிடத்தில் கொண்ட கருணையினால் செய்யப்படும் இக்காரியம், குளிரினால் நேரக்கூடியதைக் காட்டிலும் பெரிய துன்பத்தை அவற்றுக்கு விளைவிக்கும் என்று சொன்னால், கேட்பவர் எளிதில் ஒப்புக்கொள்ளமாட்டார்.

கோழியின் சரீர உஷ்ணம் ஏறத்தாழ 41 டிகிரி சென்டிகிரேடு. மனிதனுடையதைவிட நான்கு டிகிரி அதிகம். குளிர் மிகும்போது, சருமத்தின் கீழுள்ள நுண்ணிய தசைகள் இறகுகளை நிமிர்த்த, அவற்றின் அடியிலிருக்கும் மெல்லிய தூவிகளுக்கிடையே அசைவற்ற காற்று ஒரு படலமாகச் சிறைப்படுகிறது. அசையாத காற்று உஷ்ணத்தை எளிதில் கடத்தாதாகையால், பறவைக்கு அதுவே போர்வையாகிறது. இறகில்லாத கால்களுக்கும் இயற்கை ஓர் உபாயம் வைத்திருக்கிறது: கீழிறங்கும் வெதுவெதுப்பான இரத்தம், அருகிலேயே மேலேறி வரும் குளிர்ந்த இரத்தத்துக்குத் தன் உஷ்ணத்தைத் தந்துவிட்டுப் போவதனால், பாதத்தின் வழியே விரயமாகும் வெப்பம் மிகக் குறைவு. இவ்வளவு ஏற்பாடுகளோடு பிறந்த ஒரு பக்ஷியை, நீலகிரியின் குளிர் அவ்வளவு சுலபமாக வருத்திவிட முடியாது.

ஆனால் பலகை இடுக்கின் வழியே ஒரு காற்றோட்டம் புகுந்து, பரணில் உறங்கும் கோழியின் மீது இராமுழுதும் வீசிக்கொண்டிருக்குமானால், தூவிகளுக்கிடையே தங்கிய காற்றுப் படலம் கலைந்து, இழந்த உஷ்ணத்தை ஈடு செய்வதிலேயே அது தின்ற தீனியெல்லாம் செலவாகிவிடும். வீசும் காற்று குளிரைப் பெருக்குவதைக் கணக்கிட்டுக் காட்டியவர்கள், அண்டார்க்டிகாவில் 1941-ல், பிளாஸ்டிக் உருளையில் நீர் நிரப்பி வெளியே தொங்கவிட்டு, அது உறைய எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் காற்றின் வேகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பால் சைப்பிளும் சார்லஸ் பாசெலும் ஆவர்.

அப்படியானால் அடைத்துவிடுவதுதானே நியாயம் என்று தோன்றும். அடைத்த கூட்டில் நடப்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு கோழி நாளொன்றுக்குக் குடிக்கும் கால் லிட்டர் அளவான ஜலத்தில் பெரும்பகுதி, மூச்சின் வழியாகவும் எச்சத்தின் வழியாகவும் வெளியே வந்து, போக்கிடமின்றி கூரைத் தகரத்தில் துளித்துளியாய்த் திரண்டு, மறுபடியும் பறவையின் முதுகிலேயே சொட்டுகிறது. நனைந்த இறகு காற்றைப் பிடித்து வைக்காது. எச்சத்திலுள்ள யூரிக் அமிலத்தைக் கிருமிகள் சிதைப்பதனால் எழும் அம்மோனியா, பத்து லட்சத்தில் 25 பங்கைத் தாண்டினால், மூச்சுக்குழலில் தூசியைத் துடைத்தெறியும் நுண்மயிர்களை முடக்கிவிடுகிறது. அதன் பிறகு நாட்பட்ட சுவாச நோய் வருவதற்குக் குளிரைக் குறை கூறிப் பயனில்லை. காலையில் கூட்டைத் திறந்ததும் கண் எரிந்தால், கோழி அந்தக் காற்றிலேயே இரவைக் கழித்தது என்று பொருள்.

ஆகவே வேண்டியது இடமறிந்து அடைப்பதே. பரணில் அமர்ந்த கோழியின் தலைக்கு மேல் ஒரு சாண் வரையில், தரையிலிருந்து நான்கு புறமும் சிறு துவாரமும் இன்றி அடைத்துவிட்டு, அதற்கு மேல், இறவாரத்தின் கீழ், இரண்டு பக்கங்களிலும் கம்பிவலை இட்ட திறப்புகளை விட்டுவிட வேண்டும். வெப்பமான காற்று மேலேறும். ஈரம் செறிந்த காற்றோ வறண்ட காற்றைவிட இலேசானது. இரண்டும் அவ்வழியே தாமாக வெளியேறும். உறைபனி விழும் இரவுகள் பெரும்பாலும் காற்றசைவற்ற தெளிந்த இரவுகளே என்பதால், அன்று இடுக்குகளால் தீங்கில்லை என்று எண்ணிவிடலாகாது: கோழிகளின் உஷ்ணத்தால் மேலெழும் காற்றின் இடத்தை நிரப்ப, கீழ் இடுக்குகளின் வழியே குளிர்காற்று உறிஞ்சப்பட்டு, பறவைகளின் வயிற்றைத் தடவிக்கொண்டே மேலே செல்லும். வெளியே இலையும் அசையாத இரவில் கூடு தன் காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. பரணருகே ஓர் ஊதுபத்தியைப் பிடித்துப் பார்த்தால், புகை நேராக எழுகிறதா, ஒருபுறம் சாய்கிறதா என்பதிலிருந்து இடுக்கின் திசை புலப்பட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமுள்ளதாகையால் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். பள்ளத்தாக்கின் அடியில் கூடு அமைப்பது அவ்வளவு உசிதமன்று.

அமெரிக்க வைத்தியரான பிரின்ஸ் டி. வுட்ஸ், 1912-ல் வெளியிட்ட நூலில், தெற்கு முகம் முழுவதும் திறந்த கோழி வீட்டையே பனி மிகுந்த பிரதேசங்களுக்கும் சிபாரிசு செய்தார். மூன்று புறமும் கூரையும் கெட்டியாக அடைபட்டு, அகலத்தைவிட ஆழம் மிகுந்திருந்தால், நுழையும் காற்றுக்கு வெளியேற வழியின்மையால், அது குறுகிய வாயுடைய குடத்தில் ஊதிய மூச்சைப்போல் முன்புறத்திலேயே தடைபட்டு நிற்கும் என்பது அவர் வாதம். நம் மலைகளில் முகம் எத்திசையில் இருக்க வேண்டும் என்பது இடத்தைப் பொறுத்தது. கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்றுக்கும், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவக்காற்றுக்கும் முதுகு காட்டவேண்டும்.

இவையெல்லாம் இறகு முளைத்த கோழிகளுக்கே. குஞ்சுகளின் சங்கதி வேறு. முதல் வாரத்தில் 35 டிகிரி உஷ்ணமும், பின்னர் வாரத்துக்கு மூன்று டிகிரி குறைவாகவும் கொடுத்து, சுற்றிலும் ஒன்றரை அடி உயரத் தகரத்தையோ அட்டையையோ வட்டமாக நிறுத்தித் தரைக்காற்றைத் தடுக்க வேண்டும். குஞ்சுகளுக்கு உஷ்ணம் தரும் பல்பையே வளர்ந்த கோழிக்கும் உமி பரப்பிய கூட்டில் தொங்கவிடுகிறவர்கள் உண்டு. குளிர் போகிறதோ இல்லையோ, தீப்பிடிக்கும் அபாயம் நிச்சயம்.