ஆடு ஏன் வாசலில் முரண்டு பிடிக்கிறது?

ஆடறுக்கும் ஆட்டுத்தொட்டி வாசலில் கயிற்றை இழுக்க இழுக்க, ஆடு நான்கு காலையும் ஊன்றி நிற்கும். அது பிடிவாதம் இல்லை, பயம். பக்கவாட்டில் அமைந்த கண்களால் அதற்குச் சுற்றிலும் தெரியும். ஆழம்தான் சரியாகப் பிடிபடாது. தரையில் விழும் நிழல் பள்ளமாகத் தோன்றலாம். அது மிரள ஈரத்தரையின் பளபளப்போ, அசையும் சங்கிலியோ போதும். அமெரிக்கக் கால்நடை அறிவியல் அறிஞர் டெம்பிள் கிராண்டின், மாட்டின் கண்மட்டத்துக்குக் குனிந்து அது போகும் பாதையில் தானே நடந்து பார்த்து, இப்படி மிரட்டுபவற்றைக் கண்டறிந்தார்.

இந்தப் பயத்தில் கறியின் கணக்கும் உண்டு. தசையில் சேமித்திருக்கும் கிளைக்கோஜன், அறுத்தபின் லாக்டிக் அமிலமாகிறது. காரகாடித்தன்மை (pH) 7-இலிருந்து சுமார் 5.5-க்கு இறங்கும், கறி பக்குவப்படும். லாரியில் நெரிந்து, பட்டினியாக, மிரண்டு வந்த பிராணி அந்தச் சேமிப்பை முன்பே எரித்துவிடுகிறது. அமிலம் போதாமல் கறி கருத்து, சீக்கிரம் கெடுகிறது.

மற்றப் பிராணிகள் பார்க்க அறுக்கக்கூடாது என்று 2001-ஆம் ஆண்டு மத்திய விதிகளே சொல்கின்றன. சின்னத் தொட்டிக்கு ஒரு தடுப்புச்சுவர், வழுக்காத தரை, வாசலில் ஒரு விளக்கு. அடிக்கிற கம்பைவிட இவை மலிவு என்றே சொல்வேன்.