கூட்டத்தைப் பார்த்துப் பங்கு வாங்கலாமா?

ஸ்கூடாயில் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. மாலை ஐந்து மணிக்குப் புர்சா மலேசியா மூடியதும், அன்று அதிகமாகக் கைமாறிய பங்குகளின் பட்டியலைக் கைப்பேசியில் திறந்து பார்ப்பேன். ஒரு நாள் அதில் புதிய பெயர் ஒன்று முதலிடத்தில் நின்றது. விலை 14 காசுதான். வழக்கமாக அதில் நடக்கும் வியாபாரத்தைப்போல பதினைந்து மடங்கு அன்று நடந்திருந்தது. நான் இருந்த டெலிகிராம் குழுவிலும் அதே பேச்சு: “வால்யூம் வந்துவிட்டது, விலை பின்னால் வரும்.”

மறுநாள் காலை 10,000 பங்குகள் வாங்கினேன். வார இறுதிகளில் உணவகத்தில் வேலை செய்து அடுத்த பருவத்துக்காகச் சேர்த்து வைத்திருந்த 1,400 வெள்ளி அது. இரண்டு நாள் விலை ஏறியது. மூன்றாம் நாள் இறங்கத் தொடங்கியது. எட்டரைக் காசுக்கு விற்று வெளியேறியபோது, கட்டணங்களைச் சேர்க்காமலேயே 550 வெள்ளி போயிருந்தது. அம்மாவிடம் சொல்ல எனக்கு இரண்டு வாரம் பிடித்தது.

அந்த 550 வெள்ளி எனக்குக் கற்றுத் தந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நீங்கள் அதை இலவசமாகவே தெரிந்துகொள்ளலாம்.

வால்யூம் என்றால் என்ன?

ஒரு நாளில் எத்தனை பங்குகள் கைமாறின என்ற எண்ணிக்கையே வால்யூம். விலை வரைபடத்தின் அடியில் வரிசையாக நிற்கும் தூண்கள் அதைத்தான் காட்டுகின்றன. “இன்று நிறைய பேர் வாங்கியிருக்கிறார்கள்” என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் வாங்கிய ஒவ்வொரு பங்குக்கும் எதிரே விற்ற ஒருவர் இருக்கிறார். உயரமான தூண் கூட்டம் கூடியதைச் சொல்லும். கூடியவர்கள் யார், எதற்காக வந்தார்கள் என்று சொல்லாது.

பாசார் மாலாமில் ஓர் அப்பம் பாலிக் கடையில் கூட்டம் என்றால் ருசி காரணமாக இருக்கலாம். அன்று கடைக்காரர் பாதி விலைக்குக் கொடுப்பதும் காரணமாக இருக்கலாம். சில வேளைகளில் வரிசையில் நிற்பவர்கள் கடைக்காரரின் சொந்தக்காரர்களாகவும் இருக்கலாம்!

நான் செய்த முதல் தவறு, பங்கின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தது. 14 காசுப் பங்கில் 10 கோடி கைமாறினால் அதன் மதிப்பு 1 கோடியே 40 இலட்சம் வெள்ளி. பத்து வெள்ளிப் பங்கில் 20 இலட்சம் மட்டும் கைமாறினாலே 2 கோடி வெள்ளி. அதனால்தான் அந்தப் பட்டியலை மலிவு விலைப் பங்குகளே நிரப்பியிருக்கும். எண்ணிக்கையோடு மதிப்பையும் பாருங்கள்.

இரண்டாவது, ஒரு நாள் வால்யூமைத் தனியாகப் பார்க்கக்கூடாது. அதே பங்கின் கடந்த 20 நாள் சராசரியோடு ஒப்பிட வேண்டும். விலை ஏறும்போது வால்யூமும் சராசரியைத் தாண்டிச் சில நாள்கள் தொடர்ந்தால் அந்த ஏற்றத்துக்கு ஆதரவு இருக்கிறது எனலாம். விலை ஏற ஏற வால்யூம் வற்றினால் எச்சரிக்கை. நீண்ட ஏற்றத்துக்குப் பிறகு வால்யூம் மட்டும் திடீரென வானத்தைத் தொட்டு, விலை நகராமல் நின்றால், முன்பே வாங்கியவர்கள் நம்மிடம் விற்றுக்கொண்டிருக்கலாம்.

ஓ.பி.வி. கணக்கு

வால்யூமை விலையோடு சேர்த்துப் படிக்கப் பல குறியீடுகள் உண்டு. எளிமையானது ‘ஆன் பேலன்ஸ் வால்யூம்’. சுருக்கமாக ஓ.பி.வி. அமெரிக்கரான ஜோ கிரான்வில் 1963ஆம் ஆண்டு வெளியிட்ட நூலின் மூலம் இது பரவலானது. விலை ஏறி முடிந்த நாளின் வால்யூமைக் கூட்ட வேண்டும். இறங்கி முடிந்த நாளின் வால்யூமைக் கழிக்க வேண்டும். விலை மாறாவிட்டால் அப்படியே விட வேண்டும்.

ஒரு வெள்ளியில் இருக்கும் பங்கு ஒன்றை வைத்துப் போட்டுப் பார்ப்போம். திங்கள்: 1.02 வெள்ளி, 3 இலட்சம் பங்குகள். கணக்கு +3. செவ்வாய்: 1.01 வெள்ளி, 1 இலட்சம். கணக்கு +2. புதன்: 1.03 வெள்ளி, 4 இலட்சம். கணக்கு +6. வியாழன்: விலை மாறவில்லை. அதே +6. வெள்ளி: 1.00 வெள்ளி, 1 இலட்சம். கணக்கு +5.

வார முடிவில் விலை தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டது. ஆனால் ஓ.பி.வி. 5 இலட்சம் உயர்ந்திருக்கிறது. ஏறிய நாள்களில் வியாபாரம் கனமாகவும் இறங்கிய நாள்களில் மெலிதாகவும் இருந்ததே காரணம். விலை நகரும் முன் வால்யூம் நகரும் என்பது கிரான்வில்லின் வாதம்.

அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1981 ஜனவரியில் “எல்லாவற்றையும் விற்றுவிடுங்கள்” என்று கிரான்வில் சொன்னதும் அமெரிக்கச் சந்தை சரிந்தது. அவர் புகழின் உச்சிக்குப் போனார். 1982 ஆகஸ்டில் சந்தை பெரும் ஏற்றத்தைத் தொடங்கியபோதோ, இன்னும் விழும் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். குறியீட்டைப் பிரபலமாக்கியவருக்கே அது எப்போதும் கைகொடுக்கவில்லை.

பாலத்துக்கு அப்பால் ஒரு பாடம்

வால்யூமைப் பொய்யாகவும் உருவாக்கலாம். ஜொகூர் பாருவிலிருந்து பாலத்தைத் தாண்டினால் அதற்குச் சான்று இருக்கிறது. சிங்கப்பூர்ச் சந்தையில் புளூமோண்ட், ஏசியாசன்ஸ், லயன்கோல்ட் ஆகிய மூன்று நிறுவனங்களின் பங்குகள் 2013இல் கிடுகிடுவென உயர்ந்தன. அக்டோபர் தொடக்கத்தில் சில நாள்களிலேயே நொறுங்கி விழுந்தன. சுமார் 800 கோடி சிங்கப்பூர் வெள்ளி மதிப்பு கரைந்தது.

மற்றவர்களின் பெயரிலிருந்த 189 கணக்குகளைக் கொண்டு ஒரு கும்பல் அந்தப் பங்குகளின் வியாபாரத்தை ஆட்டிவைத்தது வழக்கில் வெளிவந்தது. தங்களுக்குள்ளேயே வாங்கி விற்று, பெரும் கிராக்கி இருப்பதுபோல் காட்டினார்கள். முதன்மைக் குற்றவாளிக்கு 2022 டிசம்பரில் 36 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அந்தத் தூண்களை நம்பி வாங்கியவர்களின் பணத்தை அந்தத் தீர்ப்பு திருப்பித் தரவில்லை.

உண்மையான செய்தி உள்ள பங்கும் ஒரே திசையில் போவதில்லை. நம் கூலாயில் தரவு மையம் நடத்தும் ஒய்டிஎல் பவர், 2023 தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கும் கீழே இருந்தது. அந்த டிசம்பரில் என்விடியாவுடன் கூட்டு அறிவிக்கப்பட்டது. 2024 மே மாதம் விலை ஐந்து வெள்ளியைத் தாண்டியது. 2025 ஜனவரியில் செயற்கை நுண்ணறிவுச் சில்லுகளுக்கு அமெரிக்கா ஏற்றுமதிக் கட்டுப்பாட்டை அறிவித்ததும் கடுமையாகச் சரிந்தது. வாஷிங்டனில் நாளை என்ன அறிவிப்பார்கள் என்பது எந்த வால்யூம் தூணிலும் எழுதியிருக்காது.

வாங்கும் முன்

இப்போது நான் ஒரு வரிசை வைத்திருக்கிறேன். முதலில் அந்த நிறுவனம் இலாபம் ஈட்டுகிறதா, கடன் எவ்வளவு என்று பார்க்கிறேன். பிறகு புர்சா இணையத்தளத்தில் அதன் அறிவிப்புகளைப் படிக்கிறேன். காரணமின்றி விலையோ வால்யூமோ எகிறினால் புர்சா அந்த நிறுவனத்திடம் யு.எம்.ஏ. என்ற விளக்கக் கேள்வி கேட்கும். நான் வாங்கிய 14 காசுப் பங்குக்கும் முதல் நாளே அந்தக் கேள்வி போயிருந்தது. நான்தான் படிக்கவில்லை. ஆலோசனை தருபவர் பெயர் எஸ்.சி.யின் எச்சரிக்கைப் பட்டியலில் இருக்கிறதா என்றும் தேடுகிறேன். இவையெல்லாம் முடிந்த பிறகுதான் ‘எப்போது’ என்ற கேள்விக்கு வால்யூமிடம் போகிறேன்.

பங்குக் கணக்குத் திறக்க 18 வயது ஆக வேண்டும். அதுவரை ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒரு பங்கைத் தேர்ந்தெடுத்து, மூன்று மாதம் தினமும் விலையையும் வால்யூமையும் எழுதி ஓ.பி.வி. போட்டுப் பாருங்கள். உங்கள் கணிப்பு எத்தனை முறை பொய்த்தது என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

என் நோட்டின் முதல் பக்கத்தில் 550 என்ற எண் இருக்கிறது. அம்மாவிடம் உண்மையைச் சொன்ன அன்று எழுதியது. “யார் விற்றார்கள் என்று கேட்டாயா?” என்று அவர் கேட்டார். பங்குச் சந்தையே தெரியாத அவர் கேட்ட அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. இப்போது வாங்கும் முன் அதைத்தான் முதலில் கேட்டுக்கொள்கிறேன்.