கம்பெனிகளின் லீக்கில் ஒரு மக்கள் நாயகன்

பிலிப்பைன்ஸின் பிபிஏ கூடைப்பந்து லீக்கில் ஊர் அணிகள் கிடையாது. 1975 ஏப்ரலில் தொடங்கிய, ஆசியாவின் முதல் தொழில்முறை கூடைப்பந்து லீக்கான இதில் மோதுபவை எல்லாம் கம்பெனிகளின் அணிகள். விற்கிற சரக்கு மாறினால் அணியின் பெயரும் மாறும். கம்பெனி விலகினால் அணியே இருக்காது. அப்படியானால் ரசிகர்கள் யாரை நம்பி அரங்குக்கு வருவார்கள்? பல ஆண்டுகள் அதற்கு விடையாக இருந்தவர் ராபர்ட் ஜவோர்ஸ்கி.

தடையும் திரும்புதலும்

1946-இல் மலைநகரமான பாகியோவில் பிறந்தவர். தந்தை போலந்து வம்சாவளி அமெரிக்கர், தாய் இலோகானோ. 1967-இல் ஆசிய சாம்பியன்ஷிப்பை வென்ற அணியிலும், 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கிலும் நாட்டுக்காக ஆடினார். 1971-இல் ஓர் ஆட்டத்தின் நடுவே, சக வீரர் ஒருவரோடு சேர்ந்து நடுவர்களைத் தாக்கினார். வாழ்நாள் தடை விழுந்தது. ஆனால் 1973-இல் மணிலாவில் ஆசிய சாம்பியன்ஷிப் நடந்தபோது நாட்டுக்கு அவர் தேவைப்பட்டார். தடை நீங்கியது, பிலிப்பைன்ஸ் பட்டம் வென்றது.

பிபிஏவில் அவர் டொயோட்டாவின் பாயின்ட் கார்டு. எதிரணி கிறிஸ்பா. இந்த இரண்டும் மோதினால் ஆட்டம் அனல் பறக்கும். 1977-இல் கைகலப்பு முற்றியதால், அன்றைய ராணுவச் சட்ட அரசு இரு அணி வீரர்களையும் ராணுவ முகாமில் ஓர் இரவு அடைத்துவைத்தது. அடுத்த ஆண்டே ஜவோர்ஸ்கி லீக்கின் மிகச்சிறந்த வீரர் விருதை வாங்கினார்.

ஒன்பது தையல்

டொயோட்டா லீக்கை விட்டுப் போனபோது வீரர்கள் வேறொரு முதலாளியிடம் கைமாற்றப்பட்டார்கள். ஜவோர்ஸ்கி அதற்கு உடன்படவில்லை. 1984-இல் ஜின் கம்பெனி அணியான கில்பீஸில் சேர்ந்தார். அதுவே பின்னர் ஹினெப்ரா ஆனது. 1985-இல் ஆடிக்கொண்டே பயிற்சியாளர் பொறுப்பையும் ஏற்றார்.

அந்த ஆண்டு அக்டோபரில் நார்தர்ன் சிமென்ட் அணி வீரரின் முழங்கை பட்டு அவர் உதடு கிழிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய் ஒன்பது தையல் போட்டுக்கொண்டு, ஆட்டம் முடிவதற்குள் அரங்குக்குத் திரும்பினார். பின்தங்கியிருந்த அணி அவர் இறங்கியதும் சூடுபிடித்து வென்றது. ஹினெப்ரா ரசிகர்களின் ‘நெவர் சே டை’ முழக்கத்துக்கு அந்த இரவுதான் வித்து.

பெயர் மாறியது, கூட்டம் மாறவில்லை

அவரது பயிற்சியில் அந்த அணி நான்கு பட்டங்கள் வென்றது: 1986-இலும் 1991-இலும் ஹினெப்ராவாக, 1988-இல் அன்யேஹோ ரம்மாக, 1997-இல் கார்டன்ஸ் ஜின்னாக. 1991 இறுதித் தொடரில் ஷெல் அணியிடம் 1–3 எனப் பின்தங்கி, கடைசி மூன்று ஆட்டங்களையும் வென்றது. பெயர்ப்பலகை எத்தனை முறை மாறினாலும் கேலரிக்குக் கவலை இருக்கவில்லை. பெஞ்சில் அவர் இருந்தால் போதும். ஐம்பது வயதிலும் அவர் சீருடையோடுதான் உட்கார்ந்தார், அவ்வப்போது களத்திலும் இறங்கினார். இளையவர்களை மிஞ்சும் வேகம் அப்போது அவரிடம் இல்லை. இருந்தும் அவர் எழுந்து நின்றாலே அரங்கம் அதிர்ந்தது.

1998-இல் அந்தச் செல்வாக்கு அவரைச் செனட்டர் ஆக்கியது. ஆனால் 2004-இல் மறுபடி போட்டியிட்டுத் தோற்றார். கைதட்டல் எல்லாம் வாக்காக மாறவில்லை. 2012-இல் ஹினெப்ரா அவரது 7-ஆம் எண் சீருடைக்கு ஓய்வு கொடுத்தது. லீக்கில் அதிகக் கூட்டம் சேர்க்கும் அணி இன்றும் அதுதான். அவர் ஆடிப் பார்த்திராத இளைஞர்களும் அதே முழக்கத்தைத்தான் எழுப்புகிறார்கள்.