பிள்ளையின் கையிலுள்ள சின்னப் பலகை – பயப்பட வேண்டியதா?



ஒரு நாள் பிரட்டு முடிந்து போகிற வழியில் ஒரு அம்மா நம்மை நிறுத்திக் கேட்டார். "ஐயா, எங்க மவ பள்ளிக்கூடத்திலேருந்து ஒரு கறுப்புத் தகடு கொண்டாந்திருக்கா. அதுல லைட்டெல்லாம் மினுக்குது. கரண்ட் அடிச்சிருமோன்னு பயந்து அவ அப்பா அலுமாரி மேல தூக்கி வச்சிட்டாரு. வெள்ளிக்கிழமை மாஸ்டருக்குத் திருப்பிக் குடுக்கணுமாம். புள்ள அழுவுது. என்னா செய்யிறது?"

அந்தத் தகட்டின் பெயர் மைக்ரோபிட். இந்தக் கேள்வி இன்னும் பல வீடுகளில் இருக்கக்கூடும் என்பதால் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறோம்.

இது எங்கிருந்து வந்தது?

பிரித்தானியாவின் பி.பி.சி. நிறுவனம் வேறு பல நிறுவனங்களோடு சேர்ந்து இதை உருவாக்கியது. 2016ஆம் ஆண்டு அந்த நாட்டில் 11, 12 வயதுப் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 10 இலட்சம் பலகைகள் இலவசமாகக் கொடுக்கப்பட்டன. பிள்ளைகள் கொம்பியூட்டரில் விளையாடுவதோடு நின்றுவிடாமல், அதற்கு வேலை சொல்லிக் கொடுக்கவும் பழக வேண்டும் என்பதே நோக்கம். 2020இல் இதன் இரண்டாம் பதிப்பு வந்தது.

உள்ளே என்ன இருக்கிறது?

பலகை நெருப்புப்பெட்டியை விடக் கொஞ்சம் அகலம், அவ்வளவுதான். முன்பக்கத்தில் வரிசைக்கு 5 வீதம் 25 சின்னச் சிவப்பு லைட்டுகள். அவற்றால் எழுத்தும் படமும் காட்டலாம். வெளிச்சம் கூடுகிறதா குறைகிறதா என்று பார்ப்பதும் அதே லைட்டுகள்தான். இரு பக்கமும் ஏ, பீ என்று இரண்டு பொத்தான்கள்.

பின்பக்கத்தில் இருக்கிற கறுப்புச் சில்லுதான் மூளை. இரண்டாம் பதிப்பில் இது விநாடிக்கு 6 கோடியே 40 இலட்சம் துடிப்பில் ஓடுகிறது. கொழுந்து நிறுக்கிற டிஜிட்டல் தராசுக்குள்ளும், டீவி ரிமோட்டுக்குள்ளும் இந்த வகைச் சில்லுதான் இருக்கிறது. அங்கே அதற்கு ஒரே வேலை. இங்கே என்ன வேலை என்பதைப் பிள்ளையே எழுதிக் கொடுக்கலாம்.

பலகை சரிந்தால், குலுங்கினால் அறிகிற கருவியும், திசை காட்டுகிற கருவியும் இருக்கின்றன. சூட்டையும் அளக்கும், ஆனால் அந்தக் கருவி மூளைச் சில்லுக்குள்ளேயே இருப்பதால் வெளிச் சூட்டை விடக் கொஞ்சம் கூட்டிக் காட்டலாம். இரண்டாம் பதிப்பில் ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியும் சேர்ந்திருக்கின்றன. பக்கத்தில் இருக்கிற இன்னொரு மைக்ரோபிட்டோடு வயர் இல்லாமலே பேசும்.

கீழ் விளிம்பில் 5 பெரிய ஓட்டைகள் உண்டு. அவற்றில் கிளிப் மாட்டி வெளிச்சாமான்களை இணைக்கலாம். உதாரணத்துக்கு, இரண்டு ஆணிகளை வீட்டுத் தோட்டத்து மண்ணில் குத்தி, ஒன்றை 3வீ என்ற ஓட்டையிலும் மற்றதை 0 என்ற ஓட்டையிலும் இணைத்தால், பலகை 0 முதல் 1023 வரை ஓர் எண் காட்டும். ஈர மண்ணில் எண் கூடும், காய்ந்த மண்ணில் குறையும். போஞ்சிப் பாத்திக்குத் தண்ணீர் வேணுமா இல்லையா என்று பிள்ளையே பார்த்துச் சொல்லிவிடும்.

வேலை சொல்லிக் கொடுப்பது கொம்பியூட்டரிலோ போனிலோதான். படக்கட்டைகளை ஒன்றோடொன்று கோர்த்தாலே போதும். எழுதி ஏற்றியதும் பெட்டரி கழற்றினாலும் மறக்காது. புதிதாக ஒன்றை ஏற்றினால் பழையது போய்விடும். பிழையாக எழுதினால் பலகை பழுதாகாது. திருத்தி மறுபடி ஏற்றலாம். ஆகவே பிழை விட்டதற்காகப் பிள்ளையை ஏச வேண்டாம்.

கரண்ட் அடிக்குமா?

அடிக்காது. இது ஓடுவது இரண்டு சின்ன பெட்டரியில், வெறும் 3 வோல்ட். லயத்தில் வருகிற கரண்ட் 230 வோல்ட். இரண்டையும் ஒரு போதும் சேர்க்கக்கூடாது. வீட்டு பல்பை, பிளக்கை இந்தப் பலகையோடு இணைக்கப் பிள்ளைகளை விடாதீர்கள். அதுதான் உண்மையான ஆபத்து.

வேறு சில கவனங்கள்:

• பெட்டரி போட்ட பலகையைத் தகரத் தட்டில், கரண்டி மேல் வைக்க வேண்டாம். ஷோர்ட் ஆகிச் சூடேறும்.
• போன் சார்ஜரிலும் பவர் பேங்கிலும் மாட்ட வேண்டாம்.
• பழைய பெட்டரியையும் புதியதையும் கலந்து போட வேண்டாம்.
• ஈரக்கையால் தொட வேண்டாம். விளிம்பில் பிடித்துத் தூக்கவும்.

ஒரு முக்கியமான விஷயம்

பலகை சரிவை அறியும் என்றதும், "அப்ப மண்சரிவு வந்தா சொல்லுமா?" என்று சில பிள்ளைகள் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. வகுப்பில் மாதிரி செய்து காட்டலாம். ஆனால் அதை மேட்டில் நட்டு வைத்து, மணி அடிக்கும் என்று நம்பி யாரும் தூங்கக்கூடாது. பலகை தன் சரிவை மட்டும்தான் அறியும். மலைக்குள் தண்ணீர் ஊறுவதை அறியாது. அது சரியும் நேரத்தில் ஓட நமக்கு நேரம் இருக்காது. 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் நடந்ததை நாம் மறக்கவில்லை. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை வந்தால், நிலத்தில் வெடிப்புக் கண்டால், ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கினால், உடனே வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

அந்த அம்மாவிடம் இவ்வளவையும் சொன்னோம். அன்று பின்னேரமே பலகை அலுமாரியை விட்டு இறங்கியது. அப்பாவின் பெயரை லைட்டில் ஓட விட்டிருக்கிறாள் மகள். அவர் இரண்டு தரம் வாசித்தாராம்.

உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒன்று வந்தால் மேலே தூக்கி வைத்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "இது என்னா செய்யும்?" என்று பிள்ளையைக் கேளுங்கள்.