ஊசிக்கு முந்திய வலி

கூடலூரிலிருந்து கம்பம், சின்னமனூர், தேனி வழியாக க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக ஏறக்குறைய 60 கிலோமீட்டர். காது கேட்கிறதா என்ற சந்தேகத்தோடு வரும் சின்னப் பிள்ளைக்கு ‘பெரா’ சோதனை எழுதிக் கொடுக்கும் எந்த மருத்துவமனையிலும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்வார்கள்: “ராத்திரி ரொம்ப நேரம் தூங்க விடாதீங்க. இங்க வந்து தூங்கினாத்தான் எடுக்க முடியும்.” அம்மா நள்ளிரவு வரை விளையாட்டுக் காட்டிப் பிள்ளையை விழிக்க வைக்கிறார். காலை பஸ் கம்பத்தைத் தாண்டுவதற்குள் ஜன்னல் காற்றில் பிள்ளை அசந்துவிடுகிறது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது கண் பளிச்சென்று விழித்திருக்கிறது.

தூக்கம் ஏன் வேண்டும்? நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் சிறு மின்வாய்களை ஒட்டி, காதுக்குள் ‘டிக், டிக்’ என்று ஒலியைச் செலுத்துகிறார்கள். ஒலி போய்ச் சேர்ந்ததும் மூளைத்தண்டில் எழும் மின்னலைகள் 10 மில்லி விநாடிகளுக்குள் வந்து மறைந்துவிடும். அவற்றின் அளவு ஒரு மைக்ரோவோல்ட்டுக்கும் கீழே. பிள்ளை பல்லைக் கடித்தாலே தாடைத் தசையில் அதைவிடப் பல மடங்கு மின்சாரம் பிறந்து அலையை மூழ்கடித்துவிடும்.

இத்தனைக்கும் பெரா துளியும் வலிக்காத சோதனை. ஆனாலும் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு நெற்றியில் பிசுபிசுப்பாக எதையோ ஒட்டுவதே தாங்காது. வலிக்காத சோதனைக்கே இப்படி என்றால் ரத்தம் எடுப்பது, பல் பிடுங்குவது எல்லாம் என்ன பாடு! நான்கு பேர் சேர்ந்து கை காலை அமுக்கிப் பிடித்துக் காரியத்தை முடிப்பதுதான் பல இடங்களில் வழக்கம். அந்தப் பிள்ளையின் அலறலில் ஊசியின் பங்கு எவ்வளவு, மற்றவற்றின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க விஞ்ஞானம் முயன்றிருக்கிறது.

வலி தெரியாதவர்களா?

முதலில் ஒரு பழைய நம்பிக்கையைத் தாண்ட வேண்டும். “இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு வலி அவ்வளவாகத் தெரியாது” என்பது அது. பச்சிளம் குழந்தைகளைப் பற்றியும் மருத்துவ உலகம் ஒரு காலத்தில் இப்படித்தான் நம்பியது. 1980களின் நடுப்பகுதி வரைகூட, குறைமாதக் குழந்தைகளுக்குப் போதிய வலிநீக்கி இல்லாமல் அறுவை செய்வது பல நாடுகளில் நடந்தது. இந்தூரில் மருத்துவம் படித்து ஆக்ஸ்போர்டுக்குப் போன கே.ஜே.எஸ். ஆனந்த், அறுவைக்குள்ளான குறைமாதக் குழந்தைகளின் ரத்தத்தில் பதற்ற ஹார்மோன்களை அளந்து பார்த்தார். ஃபென்டனில் என்ற வலிநீக்கி சேர்த்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்குப் பதற்றமும் குறைவு, அறுவைக்குப் பிந்தைய சிக்கலும் குறைவு. 1987இல் ‘லான்செட்’ இதழில் வந்த அந்த ஆய்வுக்குப் பிறகு பழைய நம்பிக்கை நிற்க முடியவில்லை.

சிறப்புக் கவனிப்பு தேவைப்படும் பிள்ளைகள் விஷயத்தில் அது இன்னும் முழுதாக விழவில்லை. கனடாவில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு ரத்தம் எடுக்கும்போது முகத் தசைகளின் அசைவை நுணுக்கமாகப் பதிவு செய்தார்கள். 2004இல் வெளியான முடிவு: முகத்தில் வலி தெளிவாகவே எழுதியிருந்தது, பெற்றோர் சொன்ன வலி அளவுதான் அதோடு பொருந்தவில்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் பற்றி 2000இல் வந்த ஓர் ஆய்வில், தோலில் பட்ட குளிர்ச்சியை அவர்கள் மற்றவர்களைவிடத் தாமதமாகவே தெரிவித்தார்கள். குத்தியவுடன் அழாத பிள்ளைக்கு வலிக்கவில்லை என்று முடிவு கட்டுவது எவ்வளவு தப்பு என்பதற்கு இது போதும்.

அதனால்தான் பேச முடியாத பிள்ளைகளின் வலியை அளக்கத் தனி அளவுகோல்கள் வந்தன. முகம், கால்கள், உடல் அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்ற ஐந்தையும் பார்த்துத் தலா 0 முதல் 2 வரை மதிப்பெண் போடும் ‘ஃப்ளாக்’ அளவுகோல் 1997இல் வந்தது. பின்னர் அதைத் திருத்தி, இந்தப் பிள்ளைக்கே உரிய வலி அடையாளம் என்ன என்று பெற்றோரிடம் கேட்டு எழுதும் இடத்தையும் சேர்த்தார்கள். ஒரு பிள்ளை வலித்தால் சிரிக்கலாம். இன்னொன்று தலையை முட்டிக்கொள்ளலாம். வேறொன்று அசையாமல் உறைந்து போகலாம். இது வீட்டில் கூடவே இருப்பவருக்கு மட்டும் தெரிந்த விஷயம். ஆகவே கையில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகும் நான்கு வரி, ஸ்கேன் அறிக்கைக்குக் குறையாத மருத்துவத் தகவல்.

என்ன வருமென்று தெரியாத நேரம்

2016இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஒரு சோதனை நடந்தது. கணினித் திரையில் தெரியும் கல்லுக்கு அடியில் பாம்பு இருக்கிறதா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் சுருக்கென்று மின் அதிர்ச்சி. கல்லுக்குக் கல் பாம்பு இருக்கும் வாய்ப்பு மாறிக்கொண்டே இருக்கும். பங்கேற்றவர்களின் வியர்வையையும் கண்மணியின் விரிவையும் அளந்தபோது, அதிர்ச்சி நிச்சயம் என்றிருந்த நேரத்தைவிட, வரலாம் வராமலும் போகலாம் என்று பாதிக்குப் பாதி இருந்த நேரத்தில்தான் பதற்றம் உச்சத்தில் இருந்தது.

எந்தச் சிரமமும் இல்லாத பெரியவர்களுக்கே இப்படி. ஆட்டிசம் உள்ள மூளை, பழைய அனுபவத்தைக் கொண்டு அடுத்த நொடியை ஊகிக்கும் வேலையை வேறு விதமாகச் செய்கிறது, அதனால் ஒவ்வொரு சத்தமும் ஒவ்வொரு தொடுதலும் புதிதாகவே வந்து மோதுகிறது என்று 2012 முதல் சில ஆய்வாளர்கள் முன்வைக்கும் கருத்து இன்னும் விவாதத்தில் இருக்கிறது. ஆனால் வழக்கம் மாறினால் இந்தப் பிள்ளைகள் தவித்துப் போவதைப் பெற்றோர் யாருக்கும் ஆய்வு வந்து சொல்ல வேண்டியதில்லை. டோக்கன் கூப்பிடும் குரல், ஸ்பிரிட் வாடை, கண்ணைக் குத்தும் விளக்கு, முன்பின் தெரியாத கை: ஊசி வருவதற்கு வெகு முன்பே வலி தொடங்கிவிடுகிறது.

உடலும் இதற்கு ஒத்துழைக்காது. பயத்தில் அட்ரினலின் பெருகும்போது தோலடி ரத்தக் குழாய்கள் சுருங்கும். கைகால் சில்லிடும், ரத்த நாளம் அகப்படாது, இரண்டாவது முறை குத்த வேண்டிவரும். பயம் ஊசியின் எண்ணிக்கையையே கூட்டிவிடுகிறது.

நம் வீடுகளிலோ “சேட்டை பண்ணினா டாக்டர்கிட்டச் சொல்லி ஊசி போட்டுருவேன்” என்பது அன்றாட மிரட்டல். ஆஸ்பத்திரிக்குப் போனதும் அதே வாய் “வலிக்கவே வலிக்காதுப்பா” என்று மாற்றிச் சொல்கிறது. பொய்யான ஆறுதல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் தடுப்பூசி வலி பற்றிய அறிக்கையில் மருத்துவப் பணியாளர்களை எச்சரித்திருக்கிறது. பொய் ஆறுதல் பிள்ளையின் நம்பிக்கையைக் கெடுத்து, அடுத்த முறை எல்லாவற்றையும் மறுபடி ‘பாதிக்குப் பாதி’ ஆக்கிவிடும். அதற்குப் பதில் வரிசையைச் சொல்லலாம்: “சாமி, முதல்ல கையில பெல்ட் கட்டுவாங்க, இறுக்கமா இருக்கும். அப்புறம் பஞ்சு, ஜில்லுன்னு இருக்கும். அப்புறம் ஊசி. அப்புறம் பிளாஸ்திரி. அப்புறம் வீட்டுக்கு.” சொல் புரியாத பிள்ளைக்கு இதையே ஐந்து படங்களாக ஒட்டிக் காட்டலாம். முடிவு எங்கே என்று தெரிந்தால் நடுவில் இருப்பதைத் தாங்க முடிகிறது.

மாமன் மடியின் விஞ்ஞானம்

காதுகுத்தை நினைத்துப் பாருங்கள். தாய்மாமன் மடியில் பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது, வாயில் இனிப்பு, ஆசாரியின் கை வேகமாக வேலையை முடிக்கிறது. சின்னப் பிள்ளையைப் படுக்கப் போட்டு அமுக்காதீர்கள், பழகியவர் மடியில் உட்கார வையுங்கள் என்பதுதான் அந்த 2015 அறிக்கையும் சொல்வது. தாய்ப்பால் குடித்துக்கொண்டே ஊசி போட்டுக்கொள்ளும் குழந்தைக்கு வலி குறைவு; பச்சிளங்குழந்தையின் நாக்கில் விடும் சர்க்கரைக் கரைசலும் வலியைக் குறைக்கிறது. ஆனால் காதுகுத்தில் சுற்றி நிற்கும் கூட்டமும் மேளமும் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு ஆகாது. மடியை வைத்துக்கொண்டு மேளத்தை விட்டுவிட வேண்டும்.

இடித்துக்கொண்ட இடத்தை ஏன் தேய்க்கிறோம் என்பதற்கு 1965இல் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் இருவரும் விளக்கம் தந்தார்கள். தொடுதலையும் அழுத்தத்தையும் கொண்டுபோகும் தடித்த நரம்பிழைகள் முதுகுத்தண்டுக்குள், மெல்லிய இழைகள் கொண்டுவரும் வலிச் செய்தியை மட்டுப்படுத்துகின்றன. ஊசி இடத்துக்குச் சற்று மேலே அழுத்தித் தேய்ப்பது இதனால் சிலருக்கு உதவலாம். ஆட்டிசம் உள்ள பலருக்கு மெல்லிய வருடல் எரிச்சலூட்டும், அழுத்தமான அணைப்பு அமைதி தரும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்குக் கணக்கு வேறு. விறைத்த தசையை எவ்வளவு வேகமாக இழுக்கிறோமோ அவ்வளவு அதிகமாக அது எதிர்த்து விறைக்கும். வெடுக்கென்று கையை நீட்டினால் முறுக்கிக்கொள்ளும். மெதுவாக நீட்டினால் இளகிக் கொடுக்கும்.

லிக்னோகைனும் பிரிலோகைனும் கலந்த களிம்பைத் தடவி மூடி வைத்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் தோல் மரத்துப் போகும். வெளிநோயாளிப் பிரிவில் காத்திருக்கும் நேரமே இதற்குப் போதும். மருத்துவர் முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான். தூக்க மருந்து கடைசிப் படி. ட்ரைக்ளோஃபோஸ் போன்ற மருந்துகளைப் பிள்ளையின் எடை பார்த்து, மூச்சைக் கவனிக்க ஆள் இருக்கும் இடத்தில் கொடுப்பார்கள். பஸ்ஸில் தூங்கிவிட்டதே என்று வீட்டிலிருந்து கொடுத்து அனுப்புவது ஆபத்து.

ஒத்திகை எங்கே?

1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், முயலைக் கண்டு அலறும் பீட்டர் என்ற சிறுவனின் பயத்தைப் போக்கினார். அவன் பிடித்ததைச் சாப்பிடும்போது கூண்டில் முயலைத் தூரத்தில் வைத்து, நாளுக்கு நாள் நெருக்கிக் கொண்டுவந்தார். கடைசியில் அவன் முயலைத் தொட்டு விளையாடினான். மருத்துவப் பயத்துக்கும் இதே பாதைதான்: கையில் ஒரு ரிப்பனைக் கட்டி அவிழ்ப்பது, ஈரப் பஞ்சால் துடைப்பது, பொம்மைக்கு ஊசி போடுவது.

இதை 60 கிலோமீட்டர் தள்ளி, பரபரப்பான வார்டில் செய்ய முடியாது. கூடலூரில் செய்ய முடியும். அப்பா அம்மா விடியலில் ஜீப் ஏறிக் குமுளிப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் வீடுகளில் ஒவ்வொரு முறை சோதனை தவறுவதும் ஒரு நாள் கூலி போவது. ஆகவே ஒத்திகை அப்பத்தா கையிலும் பள்ளியின் சிறப்புப் பயிற்றுநர் கையிலும் இருப்பது நல்லது. உதவிக்கு அரசுத் திட்டங்களும் உண்டு: 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம், பிறந்தது முதல் 18 வயது வரை குறைபாடுகளைக் கண்டறிந்து மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பி வைக்கிறது. சிகிச்சையில் மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சொல்கிறது. வரிசையில் நிற்காமல் உள்ளே போவதைச் சலுகை என்று பெற்றோர் கூச வேண்டியதில்லை. காத்திருப்பே நோவாக இருக்கும் பிள்ளைக்கு அது சிகிச்சையின் ஒரு பகுதி.

இத்தனை முன்னேற்பாடும் எதற்கு என்பதற்கு 1997இல் கனடாவிலிருந்து வந்த ஓர் ஆய்வு பதில் சொல்கிறது: பிறந்த சில நாட்களில் மரத்துப்போக மருந்து இல்லாமல் சுன்னத் செய்யப்பட்ட ஆண் குழந்தைகள், நான்கு முதல் ஆறு மாதம் கழித்துத் தடுப்பூசி போட்டபோது மற்றக் குழந்தைகளைவிட அதிகமாக அழுதார்கள். நினைவு என்று நாம் சொல்லும் எதுவும் முளைக்காத வயதிலேயே உடல் கணக்கு வைத்துக்கொள்கிறது. ஆயுள் முழுக்க ஆஸ்பத்திரிக்குப் போய்வர வேண்டிய பிள்ளைக்கு அந்தக் கணக்கு எப்படித் தொடங்குகிறது என்பது பெரிய விஷயம். அதனால் முதல் வேலையாக, ஊசியும் சோதனையும் இல்லாத ஒரு நாளில், பக்கத்துச் சுகாதார நிலையத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப் போங்கள். நாற்காலியில் உட்காரட்டும், ஸ்டெத்தாஸ்கோப்பைத் தொட்டுப் பார்க்கட்டும், நர்ஸ் அக்காவின் முகம் பழகட்டும். பத்து நிமிடத்தில் திரும்பிவிடலாம். அன்றைய ஓ.பி. சீட்டில் எழுத எதுவும் இருக்காது. ஆனாலும் சிகிச்சை அன்றே தொடங்கிவிட்டது.