பட்டா லொறியின் கூரையில் மின்சாரம்

மேலைநாடுகளில் வாகனத்தையே வீடாக்கி ஊர் சுற்றுவோர் அதன் கூரையில் சூரியகலத் தகடு பொருத்தி விளக்கெரிக்கின்றனர். வன்னியில் அவ்வகை வாகனங்கள் இல்லை. ஆனால் வவுனியாவில் சாமான் ஏற்றி, முல்லைத்தீவு, கிளிநொச்சி கிராமங்கள்வரை சென்று விற்கும் பட்டா லொறிக்காரருக்கு இதே ஏற்பாடு பயன்படும்.

யுத்த காலத்தில் பற்றரிக்கும் தடை இருந்ததால் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட பூமி இது. 2022இல் முழு நாடும் 13 மணிநேர மின்வெட்டையும் பெற்றோல் வரிசையையும் கண்டது. எரிபொருள் கிடைக்காவிட்டால் ஜெனரேற்றரும் வெறும் இரும்புதான்.

முதலில் தேவையைக் கணக்கிடுங்கள். 10 வோட்ஸ் எல்.ஈ.டி. விளக்கு மூன்றை மாலையில் 4 மணிநேரம் எரிக்க 120 வோட்மணி போதும். நல்ல வெயிலில் 100 வோட்ஸ் தகடு ஒன்று நாளொன்றுக்கு 350 வோட்மணியளவு தரும். விளக்கு, தராசு, கைத்தொலைபேசிக்கு அது தாராளம். யோகட், குளிர்பானம் விற்பவரின் கதை வேறு. 12 வோல்ட்டில் இயங்கும் 45 வோட்ஸ் சிறிய குளிர்ப்பெட்டி பாதி நேரம் ஓடினாலே நாளுக்கு 540 வோட்மணி இழுக்கும். அதற்கு 200 வோட்ஸ் தகடும் 100 அம்பியர்மணி பற்றரியும் வேண்டும். ஈயப் பற்றரியைப் பாதிக்குமேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். ஆகவே 100 வோட்ஸுடன் தொடங்கி இலாபத்தில் கூட்டுவதே நல்லது. இதற்காக வட்டிக்கடனில் விழத் தேவையில்லை.

தார்ப்பாய்க் கூரையில் தகட்டை நேரடியாக வைக்க முடியாது. இரும்புச் சட்டத்தில் அங்கிள் பிடித்து, இறப்பர் வொஷருடன் போல்ட் போட வேண்டும். நம் பகுதியில் சூரியன் உச்சிக்கருகில் நிற்பதால் சாய்க்காமல் படுக்கையாகவே பொருத்தலாம். அடியில் இரண்டு அங்குலம் காற்றோட இடைவெளி விடுங்கள். தகடு 65 பாகை வரை சூடேறினால் மின் உற்பத்தி 15 வீதமளவு குறைந்துவிடும்.

பெரிய சிக்கல் நிழல்தான். மரக்கறி வாடாமலிருக்க நாம் வேப்பமரத்தடியில் நிறுத்துவோம். தகட்டின் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலும் மின்சாரம் வெகுவாக விழுந்துவிடும். வெயிலில் நிறுத்தி, பக்கவாட்டில் தார்ப்பாயை இழுத்துக் கட்டி அதன்கீழ் வியாபாரம் செய்வதே வழி. கார்த்திகை, மார்கழி மழைநாட்களுக்கு, எஞ்சின் ஓடும்போதும் அந்தப் பற்றரி ஏறுமாறு ரிலே ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். பற்றரிக்கு அருகிலேயே பியூஸ் இருக்கட்டும்.

கிரவல் வீதியின் தூசியைக் காலையில், தகடு சூடாகுமுன் தண்ணீரால் கழுவி, வாரம் ஒருமுறை போல்ட்களையும் இறுக்கிப் பாருங்கள்.